மட்கைத் தின்னாத மோனோட்ரோபா

எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கும் பெண் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் லேசான தூறல். மொட்டை மாடியில் நான் தொட்டிகளுக்கு மண் கலந்துகொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகம் நனையாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்து நின்றாள். “டீச்சர், மோனோட்ரோபா ஒரு மட்குண்ணித் தாவரம் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் இணையத்தில் அது தவறு என்கிறார்கள். எது சரி?”

மட்குண்ணி என்றால் மட்கிய சருகை உண்டு வாழும் செடி. இணையம் சொன்னதுதான் சரி. பணி ஓய்வு பெறும்வரை நானும் மட்குண்ணிக்கு எடுத்துக்காட்டாக இந்தச் செடியின் பெயரைத்தான் கரும்பலகையில் எழுதிவந்தேன். எனக்குப் பாடம் எடுத்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது பள்ளிக்குப் போகும் வயதில் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து, அந்தப் பெண்ணுக்கு மாடியில் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். தாவரவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். கல்லூரியில் நான் பார்த்தது உலர்த்தித் தாளில் ஒட்டிய ஒரு கறுப்புக் குச்சி. எரிந்து அணைந்த தீக்குச்சி போலிருந்தது. மோனோட்ரோபா என்றால் கறுப்பு என்றே பல ஆண்டுகள் மனதில் பதிந்துபோயிருந்தது. பிறகு ஓர் ஆகஸ்ட் மாதம் சிக்கிம் போயிருந்தபோது, நனைந்த காட்டுப் பாதையின் ஓரத்தில், சருகுக்குள்ளிருந்து எழுந்து நின்ற ஒரு கொத்தைக் கண்டேன். ஏழெட்டுத் தண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். நிறத்தை எப்படிச் சொல்வது? நுங்கைச் சுளையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, ஒளி பாதி உள்ளே போய்த் தங்கிவிட்டது போன்ற வெண்மை, அந்த வெண்மை. தண்டில் இலை இல்லை. இலை இருக்க வேண்டிய இடங்களில் மீன் செதில் போல மெல்லிய வெள்ளைத் துணுக்குகள். உச்சியில் ஒரே ஒரு பூ, தலையைக் கவிழ்த்துக்கொண்டு. அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்துத்தான் ‘ஒரு பக்கம் திரும்பியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்கள். மகரந்தச் சேர்க்கை முடிந்து காயாகும்போது அதே கழுத்து நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். கை பட்டுக் கசங்கினாலோ, உலர்ந்தாலோ கறுத்துவிடும். என் கல்லூரித் தாளில் இருந்தது அந்தச் செடியின் சடலம்.

இமயமலைப் பகுதியிலிருந்து ஜப்பான்வரை ஆசியாவிலும், அமெரிக்கக் கண்டத்திலும் இது வளர்கிறது. இதன் சொந்தக்காரர்களை நமக்குத் தெரியும். நீலகிரியில் செக்கச்செவேல் என்று பூக்கும் ரோடோடென்ட்ரான் மரமும், ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைத் தரும் செடியும் இதன் குடும்பம்தான். பச்சை இலைகளோடு வாழும் இப்படிப்பட்ட குடும்பத்தில் இது ஏன் வெள்ளையாகப் போனது?

பச்சை என்பது செடிக்கு அழகல்ல, அடுப்பு. இலையில் இருக்கும் பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. அந்த வெயிலின் ஆற்றலில், காற்றிலிருந்து வந்த கரியமில வாயுவும் வேரிலிருந்து வந்த நீரும் சேர்ந்து சர்க்கரையாகின்றன. மரத்தின் கட்டை, மாம்பழத்தின் இனிப்பு, அரிசியின் மாவு எல்லாம் அந்தச் சர்க்கரையின் வேறு வேறு உருவங்கள். பச்சையம் இல்லாத செடியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பொருள். அடுப்பு எரியாத வீட்டில் ஆள் உயிரோடு இருந்தால், சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது.

வெளியிலிருந்து என்றால் எங்கிருந்து? நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. மாமரக் கிளையில் வேறு மாதிரி இலையோடு ஒரு புதர் தொங்கும், புல்லுருவி. அது மரத்தின் கிளைக்குள் தன் உறிஞ்சு வேரை இறக்கி, நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பச்சை இலை இருப்பதால் சர்க்கரையைப் பெரும்பாலும் தானே சமைத்துக்கொள்கிறது. கடற்கரையோர வேலிகளில் மஞ்சளும் பச்சையுமான நூல்கண்டைப் பிரித்துப் போட்டது போலப் படரும் கொத்தானும் அடுத்த செடியின் தண்டைத் துளைத்தே வாழ்கிறது. ஆனால் மோனோட்ரோபாவைத் தோண்டிப் பார்த்தவர்கள், அதன் வேர் எந்த மரத்தின் வேரையும் துளைக்கவில்லை என்று கண்டார்கள். வேரைச் சுற்றி இருந்தது சருகும் மட்கிய மண்ணும்தான். ஆக, அது மட்கைத் தின்கிறது என்று முடிவு கட்டினார்கள். மட்குண்ணி என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இந்த முடிவில் ஓட்டை எங்கே என்றால், சருகை உடைத்துச் சாப்பிடுவது லேசான வேலை அல்ல. இலையின் நாரையும் கட்டையின் இறுக்கத்தையும் கரைக்கத் தனி நொதிகள் வேண்டும். அந்த வேலையைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செய்கின்றன. செத்த சருகை நேரடியாகச் செரித்து வாழும் பூக்கும் தாவரம் ஒன்றுகூட இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மட்குண்ணித் தாவரம் என்று நாங்கள் பட்டியல் போட்டுச் சொல்லித் தந்தவற்றில் ஒன்றுகூட மட்கை உண்பதில்லை.

மோனோட்ரோபாவின் வேரைச் சுற்றி மண்ணும் சருகும் தவிர இன்னொன்றும் இருந்தது. அதைப் பலர் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. வேரின் மேல் உறை போட்டது போல நெருக்கமாகப் பின்னிய பூஞ்சை இழைகள்.

பூஞ்சை என்றதும் ஊறுகாயில் படரும் வெள்ளையும், ஐப்பசி மழையில் குப்பைமேட்டில் முளைக்கும் குடையும் நினைவுக்கு வரும். குடை என்பது பூஞ்சையின் காய் போன்றது. அதன் உடல் மண்ணுக்குள் இருக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் கிளைத்துக் கிளைத்து, வேர் நுழைய முடியாத மண்ணின் சந்துகளிலெல்லாம் புகுந்து கிடக்கின்றன. மண்ணில் நீரையும் மணிச்சத்தையும் தேடிப் பிடிப்பதில் வேரைவிட இந்த இழைகள் கெட்டி. ஆனால் பூஞ்சைக்கும் அடுப்பு இல்லை. சர்க்கரையை அதனால் உண்டாக்க முடியாது.

எனவே ஒரு பண்டமாற்று. பழந்தமிழகத்து உமணர்கள் உப்பு வண்டியோடு மருதநிலத்துக்கு வந்து நெல்லை வாங்கிப்போனார்களே, அதே கணக்கு. பூஞ்சை தாது உப்புகளைக் கொண்டுவந்து வேரிடம் கொடுக்கிறது, மரம் தன் சர்க்கரையில் ஒரு பங்கை அளந்து கொடுக்கிறது. இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயர். வேர்ப்பூஞ்சை என்றும் சொல்லலாம். நிலத்தில் வாழும் தாவர இனங்களில் பெரும்பான்மைக்கு இந்தக் கூட்டு உண்டு. நம் மா, வேம்பு, தென்னை, வாழைக்கு வாய்த்த பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து குட்டி மரம் போலக் கிளைக்கும். பைன், ஓக் போன்ற மலை மரங்களுக்கு வாய்த்தது வேர் நுனியை வெளியிலிருந்து உறையாகப் போர்த்தும்.

மாடியில் என் கையருகே இருந்த பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் உரக்கடையில் ‘வேம்’ என்று கேட்டு வாங்குவோமே, வேர் உட்பூசணம், அதுதான் அது. பார்த்தால் வெறும் மண்தூள். அதற்குள் இந்தப் பூஞ்சையின் வித்துகள் உறங்குகின்றன. நாற்று நடும்போது வேர் படும் இடத்தில் போட்டால் விழித்துக்கொள்ளும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுங்கள். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் வகையறாவுக்கும் தண்டுக்கீரைக்கும் போட்டுக் காசை வீணாக்காதீர்கள். அந்தக் குடும்பங்கள் இந்தப் பூஞ்சையோடு பொதுவாகக் கூட்டு வைப்பதில்லை.

இப்போது மோனோட்ரோபாவுக்குத் திரும்புவோம். காட்டில் ஒரு மரம் வெயிலில் சர்க்கரை காய்ச்சுகிறது. பங்கை வேர்வழியாகப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. அந்தப் பூஞ்சையின் இழைகள் அந்த மரத்தோடு நின்றுவிடுவதில்லை. சருகுக்கடியில் படர்ந்து வெள்ளைச் செடியின் வேரையும் போர்த்துகின்றன. மரம் கொடுத்த சர்க்கரை பூஞ்சைக்குள் போய், பூஞ்சையிலிருந்து இந்தச் செடிக்குள் இறங்குகிறது. செடி பதிலுக்குச் சர்க்கரை தரவில்லை, தர அதனிடம் எதுவும் இல்லை. தான் நிற்கும் இடத்தில் வெயிலே விழாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. தலைக்கு மேலே அறுபது அடி உயரத்தில் யாரோ ஒருவர் வெயில் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் வேறு பூச்செடி எதுவும் தலைகாட்டாத கும்மிருட்டு நிழலில் இது பூத்து நிற்கிறது.

எல்லாப் பூஞ்சையும் இதற்கு ஒத்துவராது. வெள்ளை மோனோட்ரோபா, ருசுலா என்ற காளானின் குடும்பத்தோடு மட்டுமே சேர்கிறது. மஞ்சள் நிறத்தில் பல பூக்களோடு ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. பழைய நூல்கள் அதையும் மோனோட்ரோபா என்றே சொல்லும். இப்போது பலர் ஹைபோபிட்டிஸ் என்று தனிப் பேரினமாக வைக்கிறார்கள். அது டிரைக்கோலோமா என்ற வேறு காளானைப் பிடித்துக்கொண்டது.

இதை முதலில் ஊகித்தவர் போலந்துக்காரரான காமியென்ஸ்கி. 1880களின் தொடக்கத்திலேயே மஞ்சள் செடியின் வேரை வெட்டிப் பார்த்து, பூஞ்சையின் உறை வழியாக அன்றி மண்ணிலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை என்று எழுதினார். அதன் பிறகு 1885இல் ஜெர்மானியரான ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க், மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த டிரஃபிள் காளானை எப்படிப் பயிரிடலாம் என்று ஆராயப் போய், மரத்தின் வேரும் பூஞ்சையும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டு மைக்கோரைசா என்ற சொல்லை உருவாக்கினார்.

ஊகம் சரிதான் என்று மெய்ப்பித்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்வீடனில் எரிக் பியோர்க்மன் என்ற ஆய்வாளர், கதிரியக்கக் கார்பன் சேர்த்த குளுக்கோஸை ஊசியிலை மரங்களின் தண்டுக்குள் செலுத்தினார். அந்தக் கார்பன் எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். காத்திருந்தார். சில நாட்களில், மரத்தை எங்கும் தொடாமல் தள்ளி நின்ற மஞ்சள் செடிகளில் அதே கார்பன் தென்பட்டது. மட்கிலிருந்து வந்திருக்க முடியாது, ஏனென்றால் அவர் மட்கில் எதையும் வைக்கவில்லை. செடிக்கும் மரவேருக்கும் இடையே உலோகத் தகட்டை மண்ணில் இறக்கித் தடுத்தும் பார்த்தார். தடுக்கப்பட்ட செடிகள் நலிந்துபோயின. இதை அவர் வெளியிட்டது 1960இல். நான் ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்பு மட்டும் என் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. இத்தனைக்கும் சி. வி. சுப்பிரமணியன் போன்ற பூஞ்சையியல் அறிஞர்கள் பணியாற்றிய சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் இது. தேடிப் போய்க் கேட்டிருக்க வேண்டியது நான்தான் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சரி, மட்குண்ணி இல்லையென்றால் என்ன பெயர்? 1994இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜோனதன் லீக் எழுதிய விரிவான கட்டுரைக்குப் பிறகு, பூஞ்சையைச் சார்ந்து உண்பவை என்று பொருள்தரும் சொல் உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் பூஞ்சையுண்ணி என்றால் போதும் என்பது என் கருத்து. ஊனுண்ணி, தாவரவுண்ணி என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். மாட்டின் காதில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணியும் இந்தச் சொல்லில் காதில் விழுகிறது, அதுவும் பொருத்தம்தான். ஏனென்றால் பூஞ்சைக்கு இந்தச் செடி ஏதேனும் கைம்மாறு செய்வதற்கான சான்று கிடைக்கவில்லை. உமணன் கொண்டுபோகும் நெல்மூட்டையில் வழியில் ஒருவர் கைவைத்து எடுத்துக்கொள்வது போலத்தான்.

முழுக்க முழுக்க இப்படி வாழும் தாவர இனங்கள் 500க்கும் மேல். எல்லாம் ஒரே குடும்பமும் அல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல வம்சங்கள் தனித்தனியே, வேறு வேறு காலங்களில் அடுப்பை அணைத்திருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எபிபோஜியம் ரோசியம் என்ற ஆர்க்கிட் இருக்கிறது. இலை கிடையாது. மழைக்காலத்தில் வெளிறிய பூந்தண்டு சட்டென்று எழும், சில நாட்களில் மறையும். பச்சை இலைகளில் பசுங்கணிகம் என்ற நுண்ணறை தனக்கென்று ஒரு மரபணுத் தொகுப்பு வைத்திருக்கும். சாதாரணச் செடிகளில் அது ஏறத்தாழ 1,50,000 எழுத்து நீளம். எபிபோஜியத்தில் வெறும் 19,000 எழுத்துகளாகச் சுருங்கிப்போயிருக்கிறது. சமைக்காத வீட்டில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். இதன் பூஞ்சை மரத்தோடு கூட்டு வைப்பது அல்ல, சருகையும் கட்டையையும் மட்கச் செய்வது. ஆக இந்த ஆர்க்கிட்டின் சாப்பாடு கடைசியில் மட்கிலிருந்துதான் வருகிறது. பழைய சொல் இங்கே பாதி உண்மை என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் மட்கைத் தின்றது பூஞ்சை, பூஞ்சையைத் தின்றது செடி.

தமிழில் இன்னும் பெயரில்லாத திஸ்மியா என்ற பேரினமும் உண்டு. மண்மட்டத்தில் சின்ன விளக்குக்கூண்டு போலப் பூக்கும். 1912இல் சிகாகோ நகரத்தின் ஈரப் புல்வெளி ஒன்றில் நார்மா ஃபைஃபர் என்ற மாணவி அதன் ஓர் இனத்தைக் கண்டுபிடித்தார். 1916க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அந்த நிலமே தொழிற்பகுதியாகிவிட்டது. பள்ளிக்கரணை வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மாணவியின் நினைவு வரும். சதுப்பு நிலத்தை மூடும்போது மண்ணுக்குள் எதை மூடுகிறோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

“இதெல்லாம் மலையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறது டீச்சர், நாம் பார்க்கவே முடியாதா?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

கோயம்பேடு பூச்சந்தையில், கல்யாண மேடை அலங்காரத்துக்கு என்று ஊதா நிற டென்ட்ரோபியம் ஆர்க்கிட் பூக்களைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஐஸ்கிரீமில் போடும் வெனிலாவும் ஆர்க்கிட்தான். இவற்றுக்குப் பச்சை இலை உண்டு, தாமே சமைக்கும். ஆனால் பிறக்கும்போது எல்லா ஆர்க்கிட்டும் பூஞ்சையுண்ணிதான். நெல்லையோ அவரையையோ பிளந்தால் உள்ளே மாவு இருக்கும். தாய்ச்செடி குழந்தைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. ஆர்க்கிட் விதையில் அது இல்லை. ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில்கூட விதைகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் தூசி. அந்தத் தூசி விழுந்த இடத்தில் அதற்குரிய பூஞ்சை இருந்து, அதன் இழை விதைக்குள் புகுந்தால்தான் முளைக்கும். உள்ளே புகுந்த இழை செல்லுக்குள் நூற்கண்டு போலச் சுருண்டுகொள்ளும். விதை அந்தக் கண்டைச் செரித்துச் சாப்பிடும். இலை விடும்வரை அதுதான் பால்.

1899இல் பிரெஞ்சுக்காரரான நோயல் பெர்னார் இதைக் கண்டுபிடிக்கும்வரை, ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்க முடியாமல் தோட்டக்காரர்கள் திணறினார்கள். பிறகு 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், அகார் கூழில் சர்க்கரை கலந்து விதையைத் தூவினால் பூஞ்சை இல்லாமலே முளைக்கிறது என்று காட்டினார். பூஞ்சை ஊட்டிய இடத்தில் கண்ணாடிக் குடுவை ஊட்டியது. இன்று நாற்றுப்பண்ணைகளில் விற்கும் ஆர்க்கிட் தொட்டிகள் பெரும்பாலும் இப்படி ஆய்வகச் சர்க்கரையில் வளர்ந்து வந்த பிள்ளைகள்.

மோனோட்ரோபாவின் விதையும் இதே போன்ற தூசிதான். ஆர்க்கிட் சிறுவயதில் மட்டும் செய்வதை அது ஆயுள் முழுக்கச் செய்கிறது. அதைத் தோண்டி எடுத்துவந்து தொட்டியில் வளர்க்க முயன்றவர்கள் தோற்றுப்போவதற்கும் இதுவே காரணம். செடியைத் தூக்கும்போது பூஞ்சை இழைகள் அறுந்துவிடும். மரத்தையும் காளானையும் சேர்த்துத் தூக்கிவர யாராலும் ஆகாது. மலைக்காட்டில் வெள்ளையாக, இலையில்லாமல் ஒரு தண்டு நிற்பதைக் கண்டால் குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், தொடாதீர்கள்.

என் மாடியில் ஒரு வாண்டா ஆர்க்கிட் தொங்குகிறது. சென்ற ஆண்டு அதன் பூ ஒன்றுக்குத் தீக்குச்சி முனையால் நானே மகரந்தம் மாற்றிவைத்தேன். காய் பல மாதங்கள் பச்சையாகவே இருந்து, அந்த வாரம்தான் விளிம்பில் கீறல் விட்டிருந்தது. அதைக் கழற்றிக் கறுப்புத் தட்டில் மெல்லத் தட்டினேன். மஞ்சள் கலந்த வெண்மையில் மாவு போல உதிர்ந்தது. அவள் லென்ஸை வைத்துக்கொண்டு கிட்டக் குனிந்தாள். அவள் விட்ட மூச்சிலேயே பாதி பறந்துபோய்விட்டது. மீதி ஒரு சிட்டிகை. எத்தனை முளைக்கும் என்று கேட்டாள். இந்தத் தட்டில் ஒன்றும் முளைக்காது என்றேன். பறந்துபோனவற்றில் ஏதாவது ஒன்று, எதிர்வீட்டு வேப்பமரப் பட்டையின் வெடிப்பில், சரியான பூஞ்சை இழையின் மேல் போய் விழுந்தால் முளைக்கும்.

அவள் நோட்டைத் திறந்து, மட்குண்ணி என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் பூஞ்சையுண்ணி என்று எழுதினாள். தூறல் வலுத்துவிட்டது. வாண்டாவையும் வேம் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நாங்கள் கீழே இறங்கினோம்.